சதுரத்தின் மேல் ஒரு வட்டம்

ஒரு தாளில் சதுரம் வரையுங்கள். நான்கு பக்கங்களையும் தொடும்படி அதற்குள் வட்டம் போடுங்கள். சதுரம்தான் கட்டடத்தின் சுவர். வட்டம், மேலே ஏறப்போகும் குவிமாடம். நான்கு மூலைகளையும் பாருங்கள்: அங்கே சுவருக்கும் வட்டத்துக்கும் நடுவில் வெற்றிடம். கல்லாலான குவிமாடத்தை அதன்மேல் எப்படி உட்கார வைப்பது?

இதில் கைதேர்ந்தவர்கள் ஆர்மீனியக் கொத்தர்கள். அவர்களுடைய ஆனி நகரை 1064-இல் செல்ஜுக் துருக்கியர் பிடித்தார்கள். அதன்பின் பல ஆர்மீனியக் குடும்பங்கள் சொந்த ஊரைவிட்டுக் கிளம்பின. காலப்போக்கில் பலர் கருங்கடலின் வடகரையில், கிரிமியாவில் குடியேறினார்கள். கட்டடக் கலையும் அவர்களோடு போனது. ஸ்தாரி கிரிம் என்ற ஊருக்குப் பக்கத்தில், காட்டுக்குள், 1358-இல் அவர்கள் எழுப்பிய சுர்ப் காச் மடாலயம் இன்றும் நிற்கிறது.

சரி, மூலைக்கு வருவோம். முதலில் நான்கு பக்கமும் நான்கு பெரிய வளைவுகள். இரண்டு வளைவுகள் சந்திக்கும் மூலையில் கல்வரிசைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்பக்கம் சாய்த்துக்கொண்டே போவார்கள். கீழே கூர்மையாகவும் மேலே அகலமாகவும், தலைகீழ் முக்கோணம் ஒன்று வளைந்து எழும். நான்கு முக்கோணங்களின் மேல்விளிம்புகளும் சேர்ந்தால் முழு வட்டம்! அதன்மேல் கழுத்துபோல உயரமான சுவர், அதில் சிறு ஜன்னல்கள், அதற்கும் மேலே குவிமாடம்.

வேலை இன்னும் முடியவில்லை. வழவழப்பான தரையில் காலை அகட்டி நின்றால் கால்கள் வெளிப்பக்கமாக வழுக்கும் அல்லவா? குவிமாடமும் அப்படித்தான் தன் எடையால் சுவர்களை வெளியே தள்ளும். கல் நசுக்கும் விசையை நன்றாகத் தாங்கும். இழுவிசை வந்தால் விரிசல் விடும். அதனால் சிலுவையின் கைகள்போல நாலாபுறமும் அறைகள் நீண்டு, சுவர்களை முட்டுக்கொடுத்து நிறுத்துகின்றன. ஆர்மீனியச் சுவருக்குள்ளும் ஒரு நுட்பம் உண்டு. வெளியே தெரிவது செதுக்கிய கல்; நடுவில் உடைகல்லும் சுண்ணாம்புக் கலவையும் இறுகி ஒரே பாறையாகிவிடும்.

இந்தத் திறமை எவ்வளவு பெயர்பெற்றது தெரியுமா? 989-இல் நிலநடுக்கத்தில் கான்ஸ்டான்டினோபிளின் ஹாகியா சோபியா பேராலயக் குவிமாடத்தின் ஒரு பகுதி இடிந்தபோது, அதைச் சீர்செய்தவர் த்ரதாத் என்ற ஆர்மீனியர். ஆனி பேராலயத்தைக் கட்டியவரும் அவரே.

சுர்ப் காச் மடாலயக் கோயிலுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் அரைக்கோளம் தெரியும். வெளியே வந்து பார்த்தால் பட்டைபட்டையான கூம்பு! அரைக்கோளத்தை மூடி இன்னொரு கூரை இருக்கிறது. செங்குத்தாகச் சரிந்த அந்தக் கூரையில் மழைநீர் தேங்காது. குளிர்காலப் பனியும் அதிகம் சேராமல் சரிந்துவிடும்.