கலர் இல்லை, லைட் இல்லை... ஆனாலும் 11 கோடிக்கு மேல் விற்ற 'கேம் பாய்': ஜெயித்தது எப்படி?

புது போன் வாங்கும்போது முதலில் என்ன பார்ப்போம்? ரேம் எவ்வளவு, பிராசஸர் எது, டிஸ்ப்ளே எப்படி... ரெண்டு போனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், எதில் நம்பர் பெரிசோ அதுதான் பெஸ்ட் என்று முடிவு கட்டிவிடுவோம். இந்தக் கணக்கு அப்படியே தலைகீழான கதை ஒன்று உண்டு. அதுதான் 'கேம் பாய்'.

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1989 ஏப்ரல் 21-ம் தேதி இந்தக் கையடக்க வீடியோ கேம் கருவியை வெளியிட்டது. விலை 12,500 யென். திரையில் கலர் கிடையாது. பச்சை கலந்த பின்னணியில் வெறும் 4 சாயல்கள்தான். திரைக்குப் பின்னால் வெளிச்சமும் இல்லை என்பதால், இருட்டில் விளையாடவே முடியாது. உள்ளே 8-பிட் பிராசஸர். அந்தக் காலத்துக்கே அது பழசு.

அதே ஆண்டில் அமெரிக்காவில் அட்டாரி நிறுவனத்தின் 'லிங்க்ஸ்' வந்தது. கலர் திரை, பின்னொளி எல்லாம் இருந்தது. 1990-ல் சேகா நிறுவனமும் கலர் திரையோடு 'கேம் கியர்' கருவியை இறக்கியது. பேப்பரில் ஒப்பிட்டால் கேம் பாய்க்கு மூன்றாவது இடம்தான்.

ஆனா விற்பனையில் நடந்ததே வேற. கேம் பாயும் அதன் வாரிசான 'கேம் பாய் கலர்' கருவியும் சேர்ந்து 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல் விற்றன. கேம் கியர் சுமார் 1 கோடி. லிங்க்ஸ் அதைவிடவும் ரொம்பக் குறைவு.

மெஷின் பார்த்துக்கொள்ள வந்தவர்

கேம் பாயை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பே யோகோய். நின்டெண்டோ 1889-ல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம். சீட்டு அச்சடிக்கும் மெஷின்களைப் பராமரிக்கும் வேலைக்குத்தான் யோகோய் 1965-ல் அங்கே சேர்ந்தார். பொழுதுபோகாமல் அவர் செய்த, நீண்டு மடங்கும் ஒரு கை பொம்மை முதலாளி ஹிரோஷி யமவுச்சியின் கண்ணில் பட்டது. திட்டு விழும் என்று நினைத்தவருக்கு, 'இதையே விற்பனைக்குத் தயார் பண்ணு' என்ற உத்தரவு வந்தது. 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் அது 10 லட்சத்துக்கு மேல் விற்றது.

1970-களில் ஜப்பானில் கால்குலேட்டர் நிறுவனங்களுக்குள் கடும் விலைப் போட்டி. அதனால் சின்ன திரைகளும் சிப்களும் மலிவாகிவிட்டன. அந்த நேரத்தில் புல்லட் ரயிலில் ஒரு பயணி போரடித்துப்போய் கால்குலேட்டர் பட்டன்களைத் தட்டிக்கொண்டிருந்ததை யோகோய் பார்த்தார். அதிலிருந்து பிறந்ததுதான், 1980-ல் வெளியான 'கேம் அண்ட் வாட்ச்'. அது 4 கோடிக்கு மேல் விற்றது.

புதுசா வந்த, விலை அதிகமான தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாதே. எல்லோருக்கும் பழகிப்போன, மலிவான ஒன்றை எடுத்து, யாரும் நினைக்காத இடத்தில் பயன்படுத்து. யோகோயின் சூத்திரம் இவ்வளவுதான். கேம் பாய் இந்தச் சூத்திரத்தின் உச்சம்.

பேட்டரிதான் ஹீரோ

கலர் திரைக்கும் பின்னொளிக்கும் நிறைய மின்சாரம் வேண்டும். லிங்க்ஸ், கேம் கியர் இரண்டுக்கும் 6 பேட்டரிகள் தேவைப்பட்டன. நம் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் போடுகிறோமே, அதே சைஸ்தான். அந்த 6 பேட்டரியும் 4, 5 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் பாய்க்கு 4 பேட்டரி போதும். 10 மணி நேரத்துக்கு மேல் தாராளமாக ஓடும். இன்றுபோல சார்ஜ் போடும் காலம் இல்லை அது. பேட்டரி தீர்ந்தால் காசு கொடுத்துப் புதுசு வாங்கணும். அந்தச் செலவு பெற்றோர் தலையில்தான்.

விலையிலும் இதே கதைதான். அமெரிக்காவில் கேம் பாய் சுமார் 90 டாலர். லிங்க்ஸ் அதைப்போல இரண்டு மடங்கு.

கீழே விழுந்தாலும் சுலபத்தில் உடையாது என்பது இன்னொரு பிளஸ். வளைகுடாப் போரின்போது வெடிகுண்டுத் தாக்குதலில் சிக்கி, வெளிப்புறம் உருகிப்போன ஒரு கேம் பாய், நியூயார்க்கில் உள்ள நின்டெண்டோ கடையில் பல ஆண்டுகள் காட்சிக்கு இருந்தது. அப்போதும் அதில் டெட்ரிஸ் ஓடிக்கொண்டிருந்தது.

மரியோவா, டெட்ரிஸா?

மெஷின் மட்டும் இருந்தால் போதுமா? விளையாட ஏதாவது வேணுமே. 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்ற கணினிப் பொறியாளர் உருவாக்கியது டெட்ரிஸ். மேலிருந்து விழும் கட்டைகளை வரிசையாக அடுக்கும் விளையாட்டு. 90ஸ் கிட்ஸ் கையில் இருந்த 'பிரிக் கேம்' இதன் நகல்தான்.

அதை கேம் பாய்க்குக் கொண்டுவர முயன்றவர் ஹெங்க் ரோஜர்ஸ் என்ற கேம் வெளியீட்டாளர். அமெரிக்க நின்டெண்டோவின் தலைவர் மினோரு அரகாவாவிடம் அவர் வைத்த வாதம் சிம்பிள். சின்னப் பையன்கள் மட்டும் வாங்கினால் போதும் என்றால் மரியோவைச் சேர்த்துக் கொடுங்கள். எல்லோரும் வாங்கணும் என்றால் டெட்ரிஸைக் கொடுங்கள். 1989-ல் அவரே மாஸ்கோவுக்குப் போய், சோவியத் அரசு நிறுவனத்திடம் பேசி உரிமையை வாங்கி வந்தார்.

அமெரிக்காவில் கேம் பாய் பெட்டிக்குள்ளேயே டெட்ரிஸும் வந்தது. கதை தெரிய வேண்டாம், மொழி தெரிய வேண்டாம், கலரும் வேண்டாம். அலுவலகம் போகும் பெரியவர்களும் கேம் பாய் வாங்கத் தொடங்கினார்கள்.

ஒயர் கொடுத்த மறுவாழ்வு

1990-களின் நடுவில் கேம் பாய்க்கு வயசாகிவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால், இரண்டு கேம் பாய்களை இணைக்கும் ஒயர் ஒன்று ஆரம்பத்திலிருந்தே இருந்தது. சின்ன வயதில் பூச்சி பிடித்துச் சேகரித்த சடோஷி தஜிரிக்கு, அந்த ஒயர் வழியே பூச்சிகள் இங்கிருந்து அங்கே ஊர்ந்து போவதுபோல ஒரு கற்பனை. அதுதான் 1996 பிப்ரவரியில் 'போகிமான்' ஆனது. சிவப்பு, பச்சை என இரண்டு பதிப்புகள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எல்லா உயிரினங்களையும் பிடிக்க முடியாது. நண்பரோடு பண்டமாற்று செய்தே ஆகணும். ஒருவர் வாங்கினால் பக்கத்து பெஞ்சில் இருப்பவரும் வாங்கியாக வேண்டும்!

அதே சூத்திரம், ஆனால் தோல்வி

அப்படியென்றால் பழைய தொழில்நுட்பம் என்றாலே வெற்றியா? இல்லை. யோகோய் 1995-ல் கொண்டுவந்த 'வெர்ச்சுவல் பாய்' கருவியும் மலிவான சிவப்பு விளக்குகளை வைத்து உருவானதுதான். ஆனால் அதை மேசை மேல் ஸ்டாண்டில் வைத்து, முகத்தைப் புதைத்துக்கொண்டு விளையாட வேண்டும். கண் வலி, தலைவலி என்று புகார்கள் வந்தன. 8 லட்சம்கூட விற்காமல் கடையிலிருந்து காணாமல் போனது.

கேம் பாயில் இல்லாத ஒவ்வொன்றும் விளையாடுபவரின் ஒரு சிரமத்தைக் குறைத்தது. வெர்ச்சுவல் பாய் புதுச் சிரமத்தைக் கொடுத்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

1996-ல் யோகோய் நின்டெண்டோவிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு அக்டோபரில், 56 வயதில், சாலை விபத்தில் இறந்துபோனார். பண்டாய் நிறுவனத்துக்காக அவர் பங்களித்த 'வொண்டர்ஸ்வான்' என்ற கையடக்கக் கருவி 1999-ல் வெளியானது. கலர் இல்லாத திரை. அது ஓட ஒரே ஒரு பேட்டரி போதுமானதாக இருந்தது.