எருமை நாக்கும் பெரிய சியாக்காப்பும்

தைப்பிங்கிலிருந்து கோலா செபெத்தாங் ஏறக்குறைய 16 கிலோமீட்டர். போர்ட் வெல்ட் என்று பெயர் இருந்த காலத்தில், 1885இல், நாட்டின் முதல் ரயில் இந்தப் பாதையில்தான் ஓடியது. இன்று ரயில் இல்லை. தூண்டில்காரர்களுக்கு வாடகைப் படகு உண்டு. செமஸ்டர் விடுமுறையில் நாங்கள் நான்கு பேர் காசு போட்டு ஒன்றை எடுத்தோம். மிதவை அங்கி மாட்டிய பிறகுதான் படகுக்கார அங்கிள் இன்ஜினைத் தொட்டார்.

மாத்தாங் அலையாத்திக் காட்டைத் தாண்டி, ஆற்றுவாய்க்கு வெளியே எனக்குக் கிடைத்தது தட்டையான இக்கான் செபெலா. குஞ்சாக இருக்கும்போது இதற்குப் பக்கத்துக்கு ஒரு கண். வளர வளர ஒரு கண் நகர்ந்து உச்சந்தலை விளிம்பில் நின்றுவிடும். அமெரிக்காவில் படகு பிடித்துத் தேடும் கோடைத் தட்டைமீனுக்கோ இரண்டு கண்ணும் இடப்பக்கமே. நம் மீனின் அறிவியல் பெயரில் வரும் ‘எருமேய்’, தமிழ் ‘எருமை நாக்கு’! 1801இல் வைத்த பெயர். உயிரியல் வகுப்பில் இதை யாரும் சொன்னதில்லை.

பிறகு நண்பனின் தூண்டிலில் பெரிய சியாக்காப், அதாவது கொடுவா. இரண்டு பேர் “கறி” என்றார்கள். நான் விடச் சொன்னேன். சியாக்காப் ஆணாகத் தொடங்கி, சில ஆண்டுகள் கழித்தே பெண்ணாக மாறும். பெரியவை பெரும்பாலும் முட்டையிடும் தாய்கள். நண்பன் சற்று யோசித்துவிட்டு முள்ளைக் கழற்றினான். மற்ற இருவரும் கரை வரை பேசவில்லை.

போகிறவர்கள் நீர்மட்ட அட்டவணையைப் பார்த்து நாள் குறியுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வேகம். ஈயக்குண்டு அடியில் நிற்காது.