இணையச் சதுரங்கக் கடிகாரம்

இணையச் சதுரங்கக் கடிகாரம் என்பது இணையவழி ஆடப்படும் சதுரங்கத்தில் இரு ஆட்டக்காரர்களின் நேரத்தையும் கணக்கிட்டு, நேரம் தீர்ந்தவுடன் முடிவை அறிவிக்கும் மென்பொருள் ஏற்பாடு ஆகும். திரையில் தெரிவது நகல் மட்டுமே. உண்மையான கடிகாரம் வழங்கியில் ஓடுகிறது.

தாமதமும் ஈடும்

மேசையில் ஆடுபவர் காயை நகர்த்திய கையோடு கடிகாரத்தை அழுத்திவிடுகிறார். இணையத்திலோ நகர்த்தல் வழங்கியைச் சென்றடைந்த பிறகே கடிகாரம் நிற்கும். ஒவ்வொரு நகர்த்தலும் வழியில் அரை நொடி தாமதித்தால், 60 நகர்த்தல்களில் 30 நொடி போய்விடும். ஒரு நிமிட ஆட்டத்தில் இது பாதி நேரம். 1990களில் தொலைபேசிக் கம்பி வழியே ஆடியவர்களுக்கு இது பெரிய தொல்லை. அதற்காக இன்டர்நெட் செஸ் கிளப் 'டைம்ஸ்டாம்ப்' என்ற நிரலைக் கொடுத்தது. யோசித்த நேரத்தை அது ஆட்டக்காரரின் கணினியிலேயே அளந்து அனுப்பியது. இன்றைய லிச்செஸ் தளம் தாமதத்தை ஒரு வரம்பு வரை ஈடுசெய்கிறது. வரம்பின்றி ஈடுசெய்தால், வேண்டுமென்றே இணைப்பை மந்தமாக்கி யோசிப்பவருக்குக் கொண்டாட்டமாகிவிடும்.

இணைப்பு அறுந்தால்

இணைப்பே அறுந்துபோனாலும் கடிகாரம் நிற்காது. இதன் விளைவு 2020ஆம் ஆண்டு பிடே இணையவழி ஒலிம்பியாடில் தெரிந்தது. ஒவ்வொருவருக்கும் 15 நிமிடமும், நகர்த்தலுக்கு 5 நொடியும் தரப்பட்ட அப்போட்டி செஸ்.காம் தளத்தில் நடந்தது. இணைப்புக்கு ஆட்டக்காரரே பொறுப்பு என்பது விதி.

காலிறுதியில் நிகால் சரினுடன் ஆடிய ஆர்மீனியாவின் ஹைக் மார்ட்டிரோசியன் இணைப்பு அறுந்து நேரத்தில் தோற்றார். ஆர்மீனியாவின் மேல்முறையீடு தள்ளுபடியானது. அந்த அணி போட்டியிலிருந்தே விலகிக்கொண்டது. இந்தியா அரையிறுதிக்குச் சென்றது.

ஆகஸ்டு 30 அன்று ரஷ்யாவுடன் இறுதிப்போட்டி. முதல் சுற்று 3–3 எனச் சமனானது. இரண்டாம் சுற்றில் நிகால் சரின், திவ்யா தேஷ்முக் இருவரும் இணைப்பை இழந்து நேரத்தில் தோற்க, வெற்றி ரஷ்யா பக்கம் சென்றது. இம்முறை முறையிட்டது இந்தியா. அன்று இணையச் சேவை பல நாடுகளில் தடைப்பட்டிருந்தது. அதனால் பிடே தலைவர் அர்காடி துவோர்கோவிச் இரு அணிகளுக்கும் தங்கப் பதக்கம் அறிவித்தார். ஒரு வீட்டின் இணைப்புக் கோளாறும் நாடு கடந்த தடையும் ஒன்றல்ல என்பது சரியே. ஆனால் இரண்டு நாளுக்கு முன் அதே கடிகாரத்தால் பயனடைந்தது இந்தியாதான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நேரம் தீர்ந்தும் தோல்வி இல்லாத நிலை

நேரம் தீர்ந்தவர் எப்போதும் தோற்பதில்லை. எதிராளியிடம் அரசன் மட்டுமே இருந்தால் ஆட்டம் சமன். எதிராளியிடம் அரசனும் ஒரு குதிரையும், நேரம் தீர்ந்தவரிடம் ஒரு சிப்பாயும் இருந்தால்தான் சிக்கல். அந்தச் சிப்பாயே தன் அரசனின் வழியை அடைத்து இறுதி முற்றுகைக்கு இடம் தரக்கூடும் என்பதால், பிடே விதிப்படி பொதுவாக இது தோல்வி. செஸ்.காமில் தனிக் குதிரை போதாத படை. ஆகவே அங்கே அதே ஆட்டம் சமன்.