மொரிசியஸ் தீவின் பொருளாதார வளர்ச்சி: சலுகைகளும் சவால்களும்

இந்து மாக்கடலின் தென்மேற்கில், மடகாஸ்கருக்குக் கிழக்கே அமைந்துள்ள மொரிசியஸ், ஏறத்தாழ 2,040 சதுர கிலோமீட்டர் பரப்பும் 12 இலட்சத்துக்குச் சற்று மிகுந்த மக்கள்தொகையும் கொண்ட குடியரசாகும். தமிழாசிரியர்கள் இத்தீவைப் பெரும்பாலும் அங்கு எடுக்கப்பெறும் தைப்பூசக் காவடியினாலும், அந்நாட்டுப் பணத்தாளில் இடம்பெறும் தமிழெழுத்தினாலும் அறிவர். பொருளியலாளர்களோ, வீழ்ந்துவிடும் எனக் கணிக்கப்பெற்றும் வீழாத நாடாக அதனை அறிவர். அவ்வளர்ச்சி எவ்வாறு ஏற்பட்டது, அதனைத் தாங்கிநின்ற தூண்கள் இன்று எந்நிலையில் உள்ளன என்பனவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

1961இல் பிரிட்டிஷ் பொருளியலறிஞர் ஜேம்ஸ் மீட் தலைமையிலான குழு இத்தீவைப்பற்றி அளித்த அறிக்கை நம்பிக்கை தருவதாக இல்லை. கரும்பு ஒன்றையே நம்பிய வேளாண்மை, மலேரியா ஒழிப்புக்குப்பின் விரைந்து பெருகிய மக்கள்தொகை, இனப் பிளவுகள், சந்தைகளிலிருந்து நெடுந்தொலைவு ஆகியவை அவருடைய கவலைக்குக் காரணங்களாயின. மீட் 1977இல் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய கணிப்பு பொய்த்ததென்று எள்ளல் தொனியில் எழுதுவது பிற்காலத்தில் வழக்கமாயிற்று. எனினும், உழைப்பாளர் மிகுதியாகத் தேவைப்படும் தொழில்களை வளர்க்கவேண்டும் என்று பரிந்துரைத்தவரும் அவரே. தீவு பின்னர் மேற்கொண்ட வழி பெரிதும் அதுவே என்பதை மறத்தல் ஆகாது.

1968 மார்ச் 12இல் விடுதலை பெற்றபொழுது ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் சீனியிலிருந்தே கிடைத்தது. பெருந்தோட்டங்கள் பிரெஞ்சு வழிவந்த சில குடும்பங்களின் கையில் இருந்தன. புதிய அரசு அவற்றை நாட்டுடைமையாக்கவில்லை. ஏற்றுமதிமீது வரி விதித்து, அவ்வருவாயைச் சமூக நலத்துக்குத் திருப்பியது. 1975இல் கையெழுத்தான லோமே ஒப்பந்தத்தின் சீனி நெறிமுறை, ஆண்டுதோறும் ஏறக்குறைய 5 இலட்சம் டன் சீனியை ஐரோப்பியச் சந்தையில் உறுதியளிக்கப்பட்ட விலைக்கு விற்கும் உரிமையை அளித்தது. அவ்விலை பெரும்பாலான ஆண்டுகளில் உலகச் சந்தை விலையைவிட மிக உயர்ந்திருந்தது. இம்மிகை வருவாயின் கணிசமான பகுதி உள்நாட்டிலேயே முதலீடாக மாறியதுதான் மொரிசியஸின் தனித்தன்மை எனலாம்.

அம்முதலீட்டுக்கு இடங்கொடுத்தது 1970இல் இயற்றப்பெற்ற ஏற்றுமதி உற்பத்தி மண்டலச் சட்டம். மண்டலம் என்றதும் நம் நாட்டு வாசகர்களுக்குப் பினாங்கின் பாயான் லெப்பாஸ் போன்று வேலியிட்ட ஒரு நிலப்பகுதி நினைவுக்கு வரலாம். மொரிசியஸில் மண்டலம் என்பது ஒரு சட்டத் தகுதியே. தீவின் எப்பகுதியிலும் ஆலையை நிறுவலாம். ஆகவே ஆடைத் தொழிற்சாலைகள் சிற்றூர்களின் அருகிலேயே தோன்றின. அதுவரை கூலி வேலைக்குச் செல்லாத பெண்கள் பெருமளவில் வேலைக்கு வந்தனர். தங்கள் நாட்டுக்குரிய ஏற்றுமதி ஒதுக்கீடு தீர்ந்துபோன ஹாங்காங் முதலாளிகள், மொரிசியஸின் பயன்படுத்தப்படாத ஒதுக்கீட்டை நாடி வந்தனர். 1979, 1981 ஆகிய ஆண்டுகளில் ரூபாயின் மதிப்பைக் குறைக்க நேர்ந்த கடுமையான நெருக்கடிக்குப் பின்னர், 1980களின் இறுதிக்குள் வேலையின்மை பெரிதும் நீங்கிற்று. 1982இல் இந்தியாவுடன் செய்துகொண்ட இரட்டை வரித் தவிர்ப்பு உடன்படிக்கை, 1991இல் இந்தியா தன் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டபின் போர்ட் லூயிஸ் நகரை முதலீட்டு நுழைவாயில் ஆக்கியது.

இவை அனைத்திலும் பொதுவான ஒரு கூறு உண்டு. சீனிக்கு ஐரோப்பா தந்த விலை, ஆடைக்குக் கிட்டிய ஒதுக்கீடு, முதலீட்டுக்கு இந்தியா அளித்த வரி விலக்கு ஆகிய மூன்றும் பிறர் வழங்கியவை. பிறர் திரும்பப் பெறத்தக்கவை. அவ்வாறே நிகழ்ந்தது. ஆடை ஒதுக்கீட்டு முறை 2005 சனவரி 1இல் முடிவுற்றது. ஐரோப்பிய ஒன்றியம் சீனி விலையை 36 விழுக்காடு குறைக்க முடிவெடுத்தது. 2009இல் சீனி நெறிமுறையும் மறைந்தது. இந்தியாவுடனான உடன்படிக்கை 2016இல் திருத்தப்பெற்றது. 1973இல் 7 இலட்சம் டன்னுக்கு மேல் இருந்த சீனி உற்பத்தி, அண்மை ஆண்டுகளில் 3 இலட்சம் டன்னையும் எட்டவில்லை.

ஆயினும் சலுகை இருந்த காலத்தை மொரிசியஸ் வீணாக்கவில்லை. 1977இல் இடைநிலைக் கல்வி இலவசமாக்கப்பட்டது. அதில் பயின்ற தலைமுறையே நிதிச் சேவை, தகவல் தொழில்நுட்பத் துறைகளுக்குச் சென்றது. கரும்புச் சக்கையிலிருந்து மின்சாரம் எடுக்கப்படுகின்றது. இவற்றைவிட ஆராயத்தக்கது நிலத்தின் நிலை. கரும்பு இலாபம் தராமற் போகவே, தோட்ட நிலங்களின் ஒரு பகுதி வெளிநாட்டுச் செல்வர்க்கான மாளிகைகளாகவும் கோல்ஃப் திடல்களாகவும் மாறி வருகின்றது. அந்நியச் செலாவணி வருகின்றது என்பது உண்மை. ஆனால் ஒப்பந்தக் கூலிகள் வியர்வை சிந்திய நிலம் அவர்தம் பேரப்பிள்ளைகள் வாங்க இயலாத விலைக்குச் செல்கின்றது. வளர்ச்சி விழுக்காட்டு அட்டவணைகளில் இது தெரிவதில்லை.

பகிர்வுச் சிக்கல் இனத்தோடும் பிணைந்தது. 1998இல் பணத்தாளில் இந்தி எழுத்து தமிழுக்கு மேலே அச்சிடப்பெற்றபொழுது தமிழர் எதிர்த்தனர், அத்தாள்கள் திரும்பப்பெறப்பட்டன. அது பேச்சளவில் தீர்ந்தது. 1999 பிப்ரவரியில் பாடகர் காயா காவலில் இறந்ததையடுத்து மூண்ட கலவரமோ, அடிமைகளின் வழித்தோன்றல்களான கிரியோல் மக்களுக்கு வளர்ச்சியின் பயன் உரிய அளவில் சென்றடையவில்லை என்பதை வெளிப்படுத்தியது. மீட் அஞ்சிய பிளவு முற்றிலும் அகன்றுவிடவில்லை.

2020 சூலையில் உலக வங்கி மொரிசியஸை உயர் வருமான நாடாக வகைப்படுத்தியது. அதே மாதம் 25ஆம் நாள் வக்காஷியோ என்னும் சரக்குக் கப்பல் தென்கிழக்குப் பவளத்திட்டில் தட்டி, ஆகஸ்டில் ஏறக்குறைய 1,000 டன் எண்ணெய் கடலிற் கலந்தது. பெருந்தொற்றால் எல்லைகள் மூடப்பட்டுச் சுற்றுலாத் துறை முடங்கிற்று. மறு ஆண்டே அத்தகுதி பறிபோயிற்று. ஒரு சிறு தீவின் வருமானம் எத்துணை மெல்லிய இழையில் தொங்குகின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மீட் காலத்தில் பிறப்பு மிகுதி சிக்கலாயிருந்தது; இன்று பிறப்புக் குறைவே சிக்கல். கருவள வீதம் ஒரு பெண்ணுக்கு ஒன்றரைக் குழந்தையினும் குறைந்துள்ளது. படித்த இளைஞர் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பெயர்கின்றனர். அறுபது வயதில் அனைவர்க்கும் வழங்கப்பெற்ற அடிப்படை ஓய்வூதியத்தின் வயதினைப் படிப்படியாக 65ஆக உயர்த்தும் முடிவு 2025 சூன் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பெற்றுக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. ஆடை ஆலைகளின் இயந்திரங்களில் இன்று பங்களாதேஷ், இந்தியா, மடகாஸ்கர் நாட்டுத் தொழிலாளர் பலர் ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றுகின்றனர். ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய போர்ட் லூயிஸ் துறைப்படி 2006 முதல் உலக மரபுச் சின்னமாகப் போற்றப்பெறும் நாட்டில், இப்புதிய தொழிலாளர்க்கு எத்தகைய உரிமைகள் அளிக்கப்பெறும் என்னும் கேள்விக்கு இன்னும் தெளிவான விடை இல்லை.