கீரி வீட்டில் வேண்டாம், வரப்பில் இருக்கட்டும்

திருச்சியிலிருந்து மதுரை செல்லும் சாலையில், மாநகரின் தென் பகுதியில் உள்ளது எடமலைப்பட்டி புதூர். அருகில் கோரையாறு ஓடுகிறது. சற்றுத் தெற்கே பஞ்சப்பூரில் 2025 மே மாதம் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. வயல்கள் மனைகளாகும் இடங்களில், புதரும் வரப்பும் அழிய அழிய, அங்கு வாழ்ந்த கீரிகள் கொல்லைப்புறத்தையும் கோழிக் கூண்டையும் தேடி வருவது இயல்பே.

அப்படி அகப்படும் குட்டியைக் கட்டி வளர்த்தால் பாம்பு அண்டாது, எலி குறையும் என்று பலர் எண்ணுகிறார்கள். கைப்பேசியில் மீர்கேட் என்ற அயல்நாட்டுப் பிராணியைப் பார்த்துவிட்டு, அதை வாங்கி வளர்க்க ஆசைப்படும் இளைஞர்களும் உண்டு. இரண்டும் நட்டத்தில்தான் முடியும்.

மீர்கேட் என்பது என்ன?

இது கீரி இனத்தைச் சேர்ந்தது. தென் ஆப்பிரிக்காவின் கலகாரி வறண்ட நிலத்தில் வளை தோண்டி வாழ்கிறது. எடை ஒரு கிலோவுக்கு உட்பட்டதே. பூச்சி, தேள், பல்லி ஆகியவற்றைத் தின்னும். இருபது, முப்பது கூடிய கூட்டமாகவே வாழும். கூட்டத்துக்கு ஒரு தலைமைப் பெண் உண்டு. மற்றவை இரை தேடும்போது ஒன்று பின்னங்காலில் நிமிர்ந்து நின்று பருந்து வருகிறதா என்று காவல் காக்கும். தாய் இரை தேடப் போனால், குட்டிகளை மற்றவை பார்த்துக் கொள்ளும்.

மந்தையிலிருந்து பிரித்துக் கட்டிய ஆடு எப்படிக் கத்தித் தவிக்கும் என்பது விவசாயிக்குத் தெரியும். ஆடு பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதனோடு பழகியது, மீர்கேட் பழகாதது. தனியாக அடைத்தால் வீட்டாரையே தன் கூட்டமாக எண்ணி, புதிதாக வருபவர்களைக் கடிக்கும். வீடு முழுவதும் தன் வாடையைப் பூசி வைக்கும். தரையையும் கதவையும் பறண்டும். வளர்ப்பில் பத்து ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழும். குட்டியின் அழகு சில மாதம். தொல்லை பல ஆண்டு.

சட்டம் சொல்வது

நம் நாட்டுக் கீரி, 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது. அதைப் பிடிப்பதும், அடைத்து வைப்பதும், விற்பதும் குற்றம். கீரி முடியில் செய்த தூரிகையை விற்பதும் குற்றமே.

அயல்நாட்டுப் பிராணிகளை மத்திய அரசின் உரிமம் இன்றி இறக்குமதி செய்ய முடியாது. 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் பிடிபட்டன. இத்தகைய கடத்தல் சரக்கைப் பணம் கொடுத்து வாங்குபவரும் வழக்கில் சிக்குவார்.

கப்பல் ஏறிய கீரிகள்

கரும்பில் எலித் தொல்லையை ஒழிக்க, 1872-ல் கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகள் ஜமைக்காத் தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டன. அங்கிருந்து 1883-ல் ஹவாய்த் தீவுகளுக்குப் போயின. எலி பெரும்பாலும் இரவில் நடமாடும். கீரி பகலில் வேட்டையாடும். எலி ஒழியவில்லை, தரையில் கூடு கட்டும் பறவைகள்தான் அழிந்தன. ஜப்பானின் அமாமித் தீவில் 1979-ல் பாம்பை ஒழிக்க விட்ட சுமார் முப்பது கீரிகள் பல்கிப் பெருகி, அரிய முயல்களைத் தின்றன. அவற்றை முற்றிலும் அகற்றிவிட்டதாக 2024-ல்தான் அறிவிக்க முடிந்தது.

தன் மண்ணில் உதவும் பிராணி, இடம் மாறினால் உபத்திரவமாகிறது. கூண்டில் அடைத்த கீரியோ யாருக்கும் உதவாது. வரப்பில் திரியும் கீரி கூலி வாங்காமல் எலியும் பாம்பும் பூச்சியும் பிடிக்கும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. வயலோரப் புதரையும் வேலியையும் அடியோடு அழிக்காமல் சிறிது விட்டு வைக்கவும். எலி வளை தோண்டாதபடி வரப்பைக் குறுகலாக அமைக்கவும்.

2. ஆந்தை அமர, ஏக்கருக்கு 15 முதல் 20 பறவைத் தாங்கிகள் நடவும். இரவு எலிக்கு ஆந்தையே ஆள். தஞ்சாவூர் கிட்டியும் வைக்கலாம்.

3. விஷம் வைத்தால், செத்த எலிகளைப் பொறுக்கிக் குழியில் புதைக்கவும். அவற்றைத் தின்னும் கீரி, ஆந்தை, நாய், பூனை எல்லாம் மடியும்.

4. கோழிக் கூண்டுக்கு நெருக்கமான கம்பி வலை அடித்து, அடிப்பகுதியை அரையடி மண்ணுக்குள் இறக்கவும். மாலையில் கோழிகளை எண்ணி அடைக்கவும்.

5. கீரி கடித்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லவும். கீரியாலும் வெறிநோய் பரவும். பச்சிலை வைத்துக் கட்டி நாள் கடத்தினால் உயிருக்கே ஆபத்து.

6. தாயைப் பிரிந்த குட்டியைக் கண்டால் தொடாமல் வனத்துறையினருக்குத் தெரிவிக்கவும். தாய் திரும்பி வந்து எடுத்துச் செல்வதும் உண்டு.

வீட்டுக்குத் துணை வேண்டுமானால் ஒரு நாட்டு நாய் போதும். பிராணி வாங்கத்தான் பணம் என்றால், இரண்டு ஆட்டுக்குட்டிகள் வாங்கினால் ஓராண்டில் கைக்குப் பலன் வரும்.