உதைக்கும் பொம்மைத் துப்பாக்கி

ஜப்பானில் சாமானியருக்கு நிஜக் கைத்துப்பாக்கி கிடைக்கவே கிடைக்காது. பொம்மைத் துப்பாக்கியால் சுட்டு ஆடும் ஏர்சாஃப்ட் விளையாட்டு அங்கே பிறந்ததில் வியப்பில்லை. அதில் பலரை ஈர்ப்பது வாயுவால் இயங்கும் 'கேஸ் புளோபேக்' வகைத் துப்பாக்கி.

கைப்பிடிக்குள் செருகும் மேகஸினில் திரவ வாயுவும் 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டுகளும் இருக்கும். விசையை இழுத்தால் சுத்தியல் வால்வைத் தட்டும். சீறிவரும் வாயுவில் ஒரு பங்கு குண்டைத் தள்ளும். மறுபங்கு மேலிருக்கும் ஸ்லைடைப் பின்னுக்கு உதைக்கும். ஸ்லைடு முன்னே திரும்புகையில் அடுத்த குண்டு ஏறிவிடும்.

டோக்கியோ மருயி நிறுவனத்தின் ஹை-காப்பா 5.1 துப்பாக்கியில் ஸ்லைடு பிளாஸ்டிக். எடை குறைவு, 134ஏ போன்ற மிதமான வாயுவே போதும். தைவானின் டபிள்யூஇ நிறுவனம் உலோக ஸ்லைடு பொருத்துகிறது. உதை பலம், ஓசையும் கம்பீரம். ஆனால் அந்தக் கனத்தை நகர்த்தப் புரொப்பேன் கலந்த 'கிரீன் கேஸ்' வேண்டும். அதையே மருயியில் நிரப்பினால் நாளடைவில் ஸ்லைடு விரிசல் விடலாம்.

குளிர்தான் பொது எதிரி. ஆவியாகும் வாயு மேகஸினின் வெப்பத்தை உறிஞ்ச, அழுத்தம் இறங்குகிறது. விறுவிறுவென்று சுட்டால் கனத்த ஸ்லைடு முதலில் திணறும்.

குறி தப்பாமல் இருக்க உலோகம் உதவாது. குழலின் தொடக்கத்திலுள்ள ஹாப்-அப் ரப்பர் குண்டுக்குப் பின்சுழற்சி தருகிறது. அதனால் குண்டு தாழாமல் நெடுந்தூரம் பறக்கிறது. மருயியின் பெயர் நிலைத்ததில் இந்த ரப்பருக்கும் பங்குண்டு.

ஜப்பானியச் சட்டம் இக்குண்டின் ஆற்றலுக்கு விதித்த வரம்பு சுமார் 0.98 ஜூல். 0.2 கிராம் குண்டுக்கு அது நொடிக்கு 99 மீட்டர் வேகம். பார்வையைப் பறிக்க அது தாராளம். காப்புக் கண்ணாடியின்றி யாரும் களத்தில் இறங்கக் கூடாது.