கப்பல் தைக்கும் கைகள்

சக்குபள்ளத்தில் பிறந்தவர்க்குக் கடல் என்பது கேட்ட பொருளேயன்றிக் கண்ட பொருளன்று. ஏலக்காட்டு நிழலும், மூடுபனியும், ஆனி மாதத்துச் சாரலுமே நமக்குப் பழக்கம். ஆயினும் நம் பெரியப்பா மகனார் இன்று வளைகுடா நாடொன்றின் கடற்கரையில், மரக்கப்பல் செப்பனிடும் துறையிலேயே உண்டு உறங்கி வாழ்கிறார். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களுக்குக் கதவும் தட்டும் செய்த தச்சர் அவர். நாமோ மலைக்குக் கீழே ஒரு நிலையத்தில் சரக்குச் சீட்டு எழுதும் ரயில்வே குமாஸ்தா; மெட்ரிகுலேஷனுக்கு மேல் படித்தவரல்லர். எனவே கப்பல் தொழிலைப் பற்றி இங்கே எழுதுவதில் பாதி, அண்ணன் தொலைபேசியில் சொல்லக் கேட்டதே.

ஓங்குநீரில் கப்பலைக் கரைக்கு ஏற்றி, நீர் வற்றியதும் இருபுறமும் கட்டைகளால் முட்டுக் கொடுக்கிறார்கள். அடிப்புறத்தில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டி எடுப்பது முதல் வேலை. அடுத்துப் பலகை பலகையாகத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல மரம் கணீரென்னும். உளுத்த மரம் பொத்தென்னும். உளுத்ததை அறுத்தெடுத்து, அதே வளைவுள்ள புதுப்பலகையை இழைத்துப் பொருத்துகிறார்கள். பிறகு பலகைகளின் இடுக்கில் எண்ணெயில் தோய்த்த பஞ்சுத் திரியை உளிகொண்டு அடித்துச் செலுத்துகிறார்கள். இதற்குக் கலப்பற்று என்று பெயர். மரந்துளைக்கும் கடற்புழு அணுகாதிருக்க, நீருள் மூழ்கும் பகுதியில் சுண்ணாம்பும் கொழுப்பும் குழைத்துப் பூசுவது பழைய வழக்கம்.

“தம்பி, கரையிலே நிற்கும் கப்பலுக்கு வெயில்தான் பகை. மரம் காய்ந்தால் இடுக்கு வாய் திறந்துவிடும். நனைத்த சாக்கைப் போட்டு மூட வேண்டும். நீரில் இறக்கிய முதல் நாள் எல்லாக் கப்பலும் கொஞ்சம் கசியும். மரம் நீர் குடித்துப் பருத்தால் தானே அடங்கும். அதைக் கண்டு பயந்து பலகையைப் பெயர்ப்பவன் தொழில் தெரியாதவன்” என்றார் அண்ணன். புது ஊருக்குப் போன மனிதனுக்கும் இது பொருந்தும் என்று நமக்குத் தோன்றியது, அவரிடம் சொல்லவில்லை.

இத்தொழிலுக்கு வெளிநாட்டார் நம் கரையை நாடி வருவது புதிதன்று. இரும்பாணியே இல்லாமல், பலகைகளின் விளிம்பில் துளையிட்டுத் தென்னங்கயிற்றால் தைத்த கப்பல்கள் பல நூற்றாண்டுகள் அரபிக்கடலில் ஓடின. சென்னையில் துறைமுகம் எழுமுன் பெரிய கப்பலில் வந்தோரை அலை கடந்து கரைசேர்த்த மசூலாப் படகும் அவ்வாறு தைத்ததே. ஆணி அடித்த படகு அலையில் மோதினால் பிளக்கும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். தையல் தளர்ந்தால் அறுத்துவிட்டு மீண்டும் தைக்கலாம். இந்நுட்பம் அறியாத மார்க்கோ போலோ, 13ஆம் நூற்றாண்டில் ஓர்முசுத் துறையில் இத்தகைய கப்பல்களைக் கண்டு, இவை மிக மோசமானவை என்று எழுதிவைத்தார்.

அவர் கூற்றைக் கடலே மறுத்தது. 1980இல் டிம் செவரின் என்பவர், ஓமன் சுல்தான் காபூஸின் ஆதரவில், சூர் என்னும் துறையில் ‘சோகார்’ என்ற கப்பலைக் கட்டுவித்தார். மரம் கேரளக் கரையிலிருந்து சென்ற அயனி. கயிற்றால் தைக்கச் சென்றவர்கள் இலட்சத்தீவினர். அயல்நாட்டுக் கரையில் மாதக்கணக்கில் தங்கி அவர்கள் தைத்த அக்கப்பல், 1980 நவம்பரில் புறப்பட்டு 1981 சூலையில் சீனத்துக் காண்டன் நகரை அடைந்தது.

பின்னர் ஓமனில் ‘மஸ்கட்டின் மணி’ என்று பொருள்படும் பெயரோடு மற்றொரு கப்பல் தைக்கப்பட்டது. அங்கும் கேரளத்துக் கைகள் இருந்தன. 2010 பிப்ரவரியில் புறப்பட்ட அது, கொச்சியைக் கடந்து இலங்கையின் காலித் துறையை அடைந்தபோது பாய்மரங்களில் வெடிப்பு காணப்பட்டது. இலங்கைக் காட்டில் புதுமரம் வெட்டி, அயல்துறையிலேயே செதுக்கி நாட்டிய பிறகே பயணம் தொடர்ந்தது. சூலையில் கப்பல் சிங்கப்பூரைச் சேர்ந்தது.

இவற்றைப் படிக்கும்போது நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகிறது. செவரின் பெயரை உலகம் அறியும். சுல்தான் பெயரையும் அறியும். சூர்க் கரையில் குந்தியிருந்து முடிச்சுப் போட்டவர் பெயரை எத்தனை பேர் அறிவர்?

இக்கேள்வி நமக்கு ஏட்டுக் கேள்வியன்று. அண்ணனை அனுப்பிய ஆள்பிடிப்பவர், ஒப்பந்தத் தாளில் தொழில் என்ற இடத்தில் ‘உதவியாள்’ என்று எழுதிவிட்டார். தச்சன் என்ற சொல் விடுபட்டதால் கூலி குறைந்தது. கப்பலின் வளைவுக்குப் பலகை இழைப்பவர் அவர். கூலியோ பலகை சுமப்பவர்க்குரியது. ஒற்றைச் சொல்லின் விலை அது. நாள்தோறும் சீட்டு எழுதும் நமக்கு அதன் கொடுமை நன்கு விளங்குகிறது. சரக்கைப் பிழையாகக் குறித்தால் கட்டணம் மாறும். மனிதனைப் பிழையாகக் குறித்தால் வாழ்வே மாறும்.

நம் பாட்டியார் கம்பத்திலிருந்து மலையேறி வந்தவர். ஏலச்செடியின் அடியில் குனிந்து, இளங்காயை விட்டு முற்றிய காயை மட்டும் விரலால் அறிந்து பறிப்பார். அது பயின்றார்க்கே வரும் தொழில். தோட்டத்துப் பேரேட்டில் அவருக்கும் ‘கூலி’ என்ற ஒரு சொல்லே இருந்தது.

இனி மகிழத்தக்க செய்தி ஒன்று. அஜந்தா ஓவியத்தில் கண்ட வடிவத்தைக் கொண்டு தைக்கப்பட்ட ‘கௌண்டின்யா’ என்னும் கப்பல், 2025 மே 21இல் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. ஆண்டிறுதியில் போர்பந்தரிலிருந்து மஸ்கட்டை நோக்கி அது பாய் விரித்தது. அதைத் தைத்த கேரளக் கைவினைஞர்களின் தலைவர் பாபு சங்கரன் என்று அரசின் அறிவிப்பே பெயர் சொல்லிற்று. ஒரு தச்சரின் பெயர் ஏட்டில் ஏறியது. இது சிறிய செய்தியா, அன்பர்களே?

ஆகவே நம் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். வெளிநாடு செல்லும் பிள்ளைகள் கையொப்பம் இடுமுன் ஒப்பந்தத்தைச் சங்கத்திற்குக் கொண்டுவரட்டும். படிக்கத் தெரிந்தவர் ஒருவர் உடனிருந்து படித்துச் சொல்லட்டும். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம், ஆளெடுப்போர் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும் என விதித்தது, அப்பதிவைக் கேட்டறிவோம். தொழில் என்ற இடத்தில் உரிய சொல் இருக்கிறதா என்று பார்ப்போம். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் இப்பணிக்கு நாம் ஒதுக்கச் சித்தமாயிருக்கிறோம்.

அண்ணன் செப்பனிட்ட கப்பல் சென்ற மாதம் நீரில் இறங்கியது. முதல் நாள் கசிந்ததாம். மூன்றாம் நாள் அடங்கிற்றாம். அவருடைய ஒப்பந்தம் வரும் தையில் புதுப்பிக்கப்படும். ‘தச்சர்’ என்று எழுதினால்தான் கையொப்பம் என்று சொல்லியிருக்கிறார்.